டு பாய்ஸும் இப்னு கல்தூனும்: சமூகவியலின் மூலவர் யார்?

சமூகவியலின் வரலாற்றை எழுதுவோர் மார்க்ஸ், துர்கைம், வெபர் ஆகிய மூவரையும் அதன் மூலவர்களாக நிறுத்துவது வழக்கம். அவ்வரிசையில் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸுக்கு நெடுங்காலம் இடமிருக்கவில்லை. 1896-97இல் பிலடெல்பியாவின் ஏழாம் வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று கறுப்பின மக்களின் வாழ்நிலையை ஆராய்ந்தவர் அவர். அப்பணிக்கு அவரை அமர்த்திய பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் வகுப்பெடுக்க அவருக்கு இடமளிக்கவில்லை.

வெபர் அவரை அறியாதவர் அல்லர். 1904இல் அமெரிக்கா சென்றபோது சந்தித்தார். 1906இல், தாம் இணையாசிரியராக இருந்த ஜெர்மானிய இதழில் டு பாய்ஸின் கட்டுரையை வெளியிட்டார். முதலாளித்துவத்தின் ஊற்றைப் புரட்டஸ்தாந்து ஒழுக்கத்தில் தேடிய வெபரின் புகழ்பெற்ற ஆய்வு வெளியானதும் அதே இதழில்தான். ஒன்று பாடநூலாயிற்று, மற்றதை எத்தனை பேர் அறிவர்?

இழப்பு ஓர் ஆளின் புகழோடு நிற்பதன்று. தென் மாநிலங்களின் அடிமை உழைப்பே வட அமெரிக்க ஆலைகளுக்கும் இங்கிலாந்தின் நெசவாலைகளுக்கும் அடித்தளம் என்று டு பாய்ஸ் 1935இல் எழுதினார். உள்நாட்டுப் போரின்போது அடிமைகள் தோட்டங்களை விட்டுத் திரளாக வெளியேறியதை அவர் பொது வேலைநிறுத்தம் என்றே வகைப்படுத்தினார். இனவெறியிலிருந்து அடிமைமுறை பிறக்கவில்லை, அடிமைமுறையே இனவெறியைப் பெற்றது என்று டிரினிடாட்டின் எரிக் வில்லியம்ஸ் 1944இல் வாதித்தார். அடிமை வாணிகத்தின் லாபம் பிரிட்டனின் தொழிற்புரட்சிக்கு எவ்வளவு ஊட்டமளித்தது என்பதில் வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் 1833ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டம் 2 கோடி பவுண்டு இழப்பீட்டை உடைமையாளர்களுக்கே ஒதுக்கியது. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை.

இவ்விடத்தில் நம்மில் பலர் இப்னு கல்தூனை முன்வைப்போம். மூலவரை மாற்றுவது எளிது. 1377இல் எழுதப்பட்ட அவரது முகத்திமா மனித உழைப்பையே பொருளீட்டலின் அடிப்படையாகக் கண்டதும், கருநிறம் ஹாம் மீதான சாபத்தின் விளைவு என்ற கதையை மறுத்து அதைத் தட்பவெப்பத்தால் விளக்கியதும் மெய்யே. ஆயினும் அதே நூல் கறுப்பின மக்களை விலங்கியல்புக்கு அருகில் வைக்கிறது. அவர்கள் அடிமைத்தனத்திற்கு எளிதில் பணிபவர்கள் என்கிறது. அவ்வரிகளை நாம் மேற்கோள் காட்டுவதில்லை. அவை எழுதப்படுவதற்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன், பஸ்ராவின் உவர்நிலங்களில் உப்புப் படிவை அகற்றும் வேலையில் வதைபட்ட ஸன்ஜ் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, 869 முதல் 883 வரை அப்பாஸியப் படைகளை எதிர்த்து நின்றிருந்தனர்.