கொல்லிமலை அடிவாரத்து உலைகள் எப்படி அணைந்தன?

அந்நிய முதலீடு வந்தால் சிறுதொழிலும் சேர்ந்து வளரும் என்று மேடைதோறும் கேட்கிறோம். சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இதைச் சரிபார்க்க இருநூறு ஆண்டுப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

கொல்லிமலை, தலைமலை, கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலை எல்லாம் இரும்புத்தாது உள்ள மலைகள். பழைய சேலம் மாவட்டத்தில் சிறு மண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, விறகுக்கரி ஆகியவற்றைக் கொண்டே இரும்பு உருக்கினார்கள். அந்த இரும்பை ஆவாரங்குச்சியோடு மண்குகையில் அடைத்து, எருக்கிலையால் மூடிச் சுட்டு எஃகாக்கினார்கள். தோலையும் கரியையும் தொட்ட கைகளை ஊர் எங்கே நிறுத்தியது என்பது நமக்குத் தெரியும்.

ஜோசையா மார்ஷல் ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்தவர். 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். கம்பெனி அவருக்குக் கடன் கொடுத்தது. ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையும், காட்டு மரத்தைக் கரியாக்கும் உரிமையும் கொடுத்தது. 1853இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி வந்தது. காவிரிக்கரைப் பூலாம்பட்டியிலும் உலை எழுந்தது.

இவ்வளவு சலுகை பெற்றும் அந்த ஆலைகள் நிலைக்கவில்லை. சில பத்தாண்டுகளில் மூடப்பட்டன. சிறு உலைகள் அதற்குப் பிறகும் எரிந்தன. அவற்றை அணைத்தவை வேறு இரண்டு. 1860களில் சேலம் வழியாக ரயில் வந்தது. இங்கிலாந்து இரும்பு மலிவு விலையில் சந்தைக்கு வந்தது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. கரிக்கு மரம் வெட்டுவது குற்றமாயிற்று. சந்தையும் போயிற்று, காடும் போயிற்று. துருத்தி ஊதியவருக்கு மிஞ்சியது கூலிவேலை.

தோழர்களே, இதைத் திறமையின் தோல்வி என்று சொல்லிவிட முடியுமா? ஹீத்துக்குக் கிடைத்த கடனும் காட்டுரிமையும் உலைக்காரருக்குக் கிடைத்தனவா? ஒரு பக்கம் அரசு, இன்னொரு பக்கம் வெறுங்கை என்றிருந்தால் அதைப் போட்டி என்று சொல்ல மாட்டோம்.

முதலீடே வேண்டாம் என்பதல்ல நம் நிலைப்பாடு. அடுத்த முறை இத்தனை கோடி ஒப்பந்தம் என்று செய்தி வந்தால் தொகையோடு நிற்காமல் கேட்போம்: நிலம் யாருடையது? தண்ணீர் யாருக்கு? வங்கிக்கடன் சேரியின் சிறு பட்டறைக்கும் உண்டா? அன்று ஆண்டது கம்பெனி. இன்று ஆள்வோர் நம் வாக்கில் வந்தவர்கள். பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு உண்டு.