பூச்சி ஏறாத மலை

ஐரோப்பாவுல இன்னிக்கு இருக்கிற திராட்சைக் கொடிகள்ல பெரும்பாலானவை அமெரிக்கக் கால்லதான் நிக்குதுன்னு சொன்னா நம்புவீங்களா? தலை ஐரோப்பா, வேர் அமெரிக்கா. எல்லாம் ஒட்டுக்கட்டினது!

காரணம் ஃபில்லாக்ஸெரான்னு ஒரு குட்டிப் பூச்சி. நம்மூர் அசுவினிக்குச் சொந்தம். 1860களில் அமெரிக்கக் கொடிகளோட ஒட்டிக்கிட்டு பிரான்ஸ் வந்து இறங்குச்சு. வேர்ல உட்கார்ந்து சாறு உறிஞ்சும், கொடி பட்டுப்போகும். 1868ல் பிளான்ஷோன் முதலானவர்கள் குற்றவாளி இதுதான்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள தோட்டம் தோட்டமா காலி. கடைசியில பூச்சியைத் தாங்கிப் பழகின அமெரிக்க வேர்லயே ஒட்டுக்கட்டித்தான் பிழைச்சாங்க.

தப்பிச்ச சில இடங்கள்ல ஒண்ணு, வடமேற்கு இத்தாலியில மோன் பிளாங் அடிவாரத்துல இருக்கிற மோர்ஜே, லா சால் கிராமங்கள். சுமார் 900லிருந்து 1200 மீட்டர் உயரம். அந்தக் குளிர்ல பூச்சியோட பாச்சா பலிக்கலை. அதனால அங்கே பிரியே பிளாங் என்கிற வெள்ளைத் திராட்சை இன்னமும் சொந்த வேர்லயே நிக்குது. கொடியைப் பதியன் போட்டா போதும், ஒட்டு வேண்டாம். சீக்கிரம் பழுக்கிற ரகம் என்பதால குளிர் இறுக்கறதுக்குள்ள அறுவடை முடிஞ்சிடும். ஒயினும் மலைக்காத்து மாதிரி லேசானது, நல்ல புளிப்பு.

பந்தல் ரொம்பத் தாழ்வா இருக்கும். காத்து அடிக்கக்கூடாது, பகல்ல மண் வாங்கின சூடு ராத்திரி கொடிக்குக் கிடைக்கணும், அதுக்குத்தான். ஆனா உள்ளே மெஷின் நுழையாது. மனுஷன்தான் குனிஞ்சு, முட்டிபோட்டுப் பறிக்கணும்.

பூச்சிகிட்ட இருந்து மலை காப்பாத்திடுச்சு. இனிமே அந்தக் கொடிங்க நிலைக்கிறது, குனிஞ்சு வேலை செய்ய ஆள் கிடைக்கிறதைப் பொறுத்துதான்.