கூடைப்பந்து யாருடைய ஆட்டம்?

1930களில் நியூயார்க் தெருவில் ஒருவரை நிறுத்தி, "கூடைப்பந்தில் யார் கெட்டிக்காரர்கள்?" என்று கேட்டிருந்தால், அவர் வாயில் முதலில் வந்திருக்கக்கூடிய பதில்: "யூதர்கள்." காரணமும் கைவசம் இருந்தது. தந்திரம், ஏய்ப்பு, போக்குக் காட்டுவது எல்லாம் யூதர்களின் பிறவிக்குணம், அதனால்தான் இந்த ஆட்டம் அவர்களுக்கு ஒத்துப்போகிறது என்று பால் காலிகோ என்ற பிரபல விளையாட்டுப் பத்திரிகையாளரே எழுதினார். இன்று அதே கேள்வியைக் கேட்டால் பதில் வேறு. கறுப்பின வீரர்கள் என்பார்கள். காரணம் மட்டும் மாறவில்லை: "அது அவங்க ரத்தத்துலயே இருக்குங்க."

ஒரே ஆட்டத்துக்கு ரத்தம் மாறுமா? மாறியது விலாசம். அந்த விலாசங்களைத் தேடிப் போனால், கதை ஒரு பீச் பழக்கூடையில் தொடங்கி, சென்னை, திருப்பதி மாவட்டத்துத் தடா வரை வந்து நிற்கிறது.

1891 டிசம்பர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. வெளியே பனி; உள்ளே உடற்பயிற்சி வகுப்பில் சலிப்படைந்த பதினெட்டு மாணவர்கள். இவர்களைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடாக்கார ஆசிரியர் தலையில் விழுந்தது. அவர் பதின்மூன்று விதிகள் எழுதினார். பந்தைப் போட இரண்டு பெட்டிகள் வேண்டும் என்று கட்டடக் காவலரிடம் கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழம் வந்த கூடைகள்தான் இருக்கின்றன என்றார் அவர். சரி என்று அவற்றையே மாடிக் கைப்பிடியில் அடித்துவிட்டார்கள். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி. இன்றும் உலகம் முழுக்க வளையத்தின் உயரம் பத்தடிதான். பெட்டி கிடைத்திருந்தால் ஆட்டத்தின் பெயரும், மாடி கொஞ்சம் உயரமாக இருந்திருந்தால் ஆடுபவர்களின் உருவமும் வேறாகியிருக்கும்.

பக்கத்துக்கு ஒன்பது பேர், கால்பந்து ஒன்று. முழு ஆட்டத்திலும் விழுந்தது ஒரே ஒரு கூடை. ஆடிய பதினெட்டுப் பேரில் ஒருவர் ஜப்பான்காரர், கென்சபுரோ இஷிகாவா. அணித்தலைவர்களில் ஒருவரான டங்கன் பாட்டன், மதப் பணிக்காக இந்தியாவுக்கு வந்து, 1894-ல் இந்த ஆட்டத்தை இங்கே அறிமுகப்படுத்தினார். முதல் நாளிலேயே ஆசியாக்காரர் ஒருவர் களத்தில் இருந்தார். மூன்றாம் ஆண்டிலேயே ஆட்டம் இந்தியாவைத் தொட்டுவிட்டது.

ஆனால் அமெரிக்கக் கறுப்பினப் பிள்ளைகளிடம் இது போய்ச் சேர இன்னும் பத்து வருடம் பிடித்தது. எட்வின் ஹென்டர்சன் என்ற கறுப்பின ஆசிரியர் 1904-ல் ஹார்வர்டு கோடைகால வகுப்பில் இதைக் கற்று, வாஷிங்டன் நகரின் கறுப்பினப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார். அதே ஊரில் வெள்ளையருக்கான ஒய்.எம்.சி.ஏ.வுக்கு ஆட்டம் பார்க்கப் போன அவரை வெளியேற்றிவிட்டார்கள். கடல் தாண்டி வந்து நமக்குப் பந்தைக் கொடுத்த அதே ஒய்.எம்.சி.ஏ. தன் சொந்த ஊரில் கதவைச் சாத்தியது. கூடைப்பந்து கறுப்பினத்தவரின் ரத்தத்தில் ஊறியது என்பவர்கள் இந்தத் தேதிகளைப் பார்க்க வேண்டும்.

நம் பக்கம் ஆட்டம் வேரூன்றியது 1920-க்குப் பிறகு. அந்த ஆண்டில் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார்; ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்று பெயர் பெற்றது அது. அங்கே பயின்றவர்கள் டிரில் மாஸ்டர்களாகப் பள்ளிகளுக்குப் போனார்கள். அன்றைக்குச் சித்தூரும் திருப்பதியும் மதராஸ் மாகாணத்தில்தான் இருந்தன. 1953-ல்தான் ஆந்திராவுக்குப் போயின. எல்லைக்கோடு வருவதற்கு முன்பே விசில் ஊதும் மாஸ்டர்களின் மரபு இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகிவிட்டது.

அமெரிக்காவில் அப்போது ஆட்டம் காசு பார்க்கத் தொடங்கியிருந்தது. இடம்? நடனக் கூடங்கள்! 1923-ல் பாப் டக்ளஸ் என்ற கரீபியத் தீவுக்காரர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் முழுக்கக் கறுப்பின வீரர்களைக் கொண்ட 'ரென்ஸ்' தொழில்முறை அணியைத் தொடங்கினார். ரெனைசான்ஸ் கேளிக்கைக் கூடத்தில் ஆட்டம். முடிந்ததும் அதே தரையில் நடனம். ஃபிலடெல்ஃபியாவில் எடி காட்லீப் நடத்திய யூத அணியான 'ஸ்பாஸ்' இதே வியாபாரத்தை ஒரு ஓட்டல் கூடத்தில் செய்தது. வாழ வந்த யூதக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களில் பெரிய மைதானம் ஏது? ஒரு வளையத்துக்கு மட்டும் இடம் இருந்தது. பையன்கள் அதில் கற்றார்கள். அவர்கள் பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், வசதியான புறநகருக்குக் குடிபோனதும் அதே தெருக்களுக்குத் தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் குடியேறின. வளையம் நகரவில்லை, கீழே நின்ற பையன்கள் மாறினார்கள். நான் சொன்ன விலாசம் இதுதான்.

ரென்ஸ் அணி ஊர் ஊராகப் பேருந்தில் போய் ஆடியது. பல ஊர்களில் ஓட்டல்காரர்கள் அவர்களுக்குச் சோறும் போடவில்லை, அறையும் தரவில்லை. 1932-33 பருவத்தில் தொடர்ந்து 88 ஆட்டங்களை அந்த அணி வென்றது. 1939-ல் சிகாகோவில் நடந்த தொழில்முறை உலகப் போட்டியில் கோப்பையையும் அள்ளியது. ஹார்லெம் என்ற பெயருக்குப் போலிகள் முளைக்காமல் இருக்குமா? ஏப் சேப்பர்ஸ்டீன் என்ற யூத வியாபாரி சிகாகோவில் திரட்டிய கறுப்பின அணிக்கு 'ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ்' என்று பெயர் சூட்டினார். ஹார்லெமுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தப் பெயர் சொன்னால் கறுப்பின அணி என்று புரியும், அவ்வளவுதான். ஆட்டத்தோடு கோமாளித்தனம் சேர்ந்ததும் வெள்ளைக்காரக் கூட்டம் குவிந்தது. சிரிக்க வைக்கும் கறுப்பின வீரனை ஏற்றுக்கொள்வது அன்றைய கூட்டத்துக்குச் சுலபம். அதே அணி 1948-ல் அன்றைய பெரிய வெள்ளையர் அணியான மினியாபோலிஸ் லேக்கர்ஸை 61-59 என்று தோற்கடித்தபோதுதான் சிரிப்பு அடங்கியது.

அதற்கு நான்கு வருடம் முன்னால் நடந்த ஓர் ஆட்டத்தைப் பற்றி ஊருக்கே தெரியாது. 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. வட கரோலினாவின் டர்ஹம் நகரம். எல்லோரும் தேவாலயத்தில் இருக்கும் நேரம். டியூக் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் வெள்ளை மாணவர்கள் சுற்றுவழியாகக் கார் ஓட்டி வந்து, முகத்தை மறைத்துக்கொண்டு கறுப்பினக் கல்லூரியின் அரங்குக்குள் நுழைந்தார்கள். கதவு பூட்டப்பட்டது. இரு இனமும் சேர்ந்து ஆடுவது அந்த மாநிலத்தில் குற்றம். வெளியே தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. கறுப்பின அணியின் பயிற்சியாளர் ஜான் மெக்லெண்டன். அவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் நெய்ஸ்மித்திடமே நேரில் படித்தவர். ஆனால் நிறம் காரணமாக அந்தப் பல்கலைக்கழக அணியில் அவருக்கு இடமில்லை. முதலில் இரு பக்கமும் பதற்றத்தில் பந்தைக் கோட்டை விட்டார்கள். பிறகு மெக்லெண்டனின் பையன்கள் வேகம் பிடித்தார்கள். முடிவு 88-44. அதன்பின் இரண்டு அணியையும் கலந்து, ஒரு பக்கம் பனியனோடும் ஒரு பக்கம் வெற்று உடம்போடும் இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். விஷயம் தெரிந்த உள்ளூர் நிருபர் ஒரு வரிகூட எழுதவில்லை. உலகத்துக்குத் தெரியவந்தது 1990களில்தான்.

அமெரிக்கத் தொழில்முறை லீகான இன்றைய என்.பி.ஏ.வின் பிறப்பு 1946. அந்த லீகின் முதல் கூடையைப் போட்டவர் ஆசி ஷெக்ட்மன் என்ற யூதர், நியூயார்க் நிக்ஸ் வீரர். மறுவருடம் அதே நிக்ஸ் அணியில் வாட் மிசாக்கா மூன்று ஆட்டம் ஆடினார். வெள்ளையர் அல்லாத முதல் வீரர், ஜப்பானிய வம்சாவளி. அமெரிக்கா தன் ஜப்பானிய வம்சாவளிக் குடிமக்களை முகாம்களில் அடைத்து வைத்திருந்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. கறுப்பின வீரர்களுக்கு 1950 வரை கதவு திறக்கவில்லை. அந்த ஆண்டு எர்ல் லாயிட், சக் கூப்பர், நாட் கிளிஃப்டன் மூவரும் உள்ளே வந்தார்கள்.

வந்தபின் ஆட்டம் தரையைவிட்டு எழும்பியது. எழும்பியதும் விதி வந்தது. வளையத்துக்கு மேலிருந்து பந்தைத் திணிக்கும் 'டங்க்' அடியை அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் 1967-ல் தடை செய்தார்கள். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பாராக மாறிய நெட்டை மாணவர் ஒருவரைக் குறிவைத்துத்தான் இது வந்தது என்று பலரும் பேசினார்கள். தடை நீங்கியது 1976-ல். 70களின் இறுதியில் வீரர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். "வெள்ளை ரசிகர்கள் விலகுகிறார்கள்" என்று விளம்பரக்காரர்கள் முணுமுணுத்தார்கள். 1980-ல் இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் இருபது வயது மேஜிக் ஜான்சன் 42 புள்ளி எடுத்தார். அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் அதைப் பதிவு செய்து நள்ளிரவை ஒட்டித்தான் ஒளிபரப்பினார்கள்.

லீகைத் தூக்கி நிறுத்தியதும் நிறம்தான். கறுப்பரான மேஜிக்குக்கு எதிரே வெள்ளையரான லாரி பேர்ட். 1979-ல் இருவரும் லீகில் சேர்ந்தார்கள், நாடே இரண்டு கட்சியானது. பிறகு மைக்கேல் ஜோர்டன் வந்தார், அவர் பெயரில் நைக்கியின் காலணி வந்தது. அதற்கு முன்பே அடிடாஸ் காலணிக்குக் கரீம் முகமாக இருந்தார். அதே நிறுவனத்தின் கூடைப்பந்துக் காலணி ஹிப்-ஹாப் பாடகர்களின் காலுக்குப் போனது. 1986-ல் நியூயார்க் மேடையிலிருந்து ரன்-டி.எம்.சி. குழு கேட்டுக்கொண்டதும், ஆயிரக்கணக்கான ரசிகர்கள் காலணியைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்கள். ஒருகாலத்தில் விளம்பரக்காரர்களை மிரட்டிய கறுப்பினத் தெருக் கலாச்சாரமே சரக்கானது. ஆனாலும் 2005-ல் என்.பி.ஏ. வீரர்களுக்கு உடைக் கட்டுப்பாடு வந்தபோது தடைப்பட்டியலில் இருந்தவை அந்தத் தெருவின் சங்கிலிகளும் டி-ஷர்ட்டுகளும்தான். கடையில் விற்கலாம், வீரன் உடம்பில் போடக்கூடாது!

இந்தக் காலணி வழிதான் கதையை நம் ஊருக்கு இழுத்துவருகிறது. சென்னையிலிருந்து நெல்லூர் போகும் வழியில் தடாவை அடுத்த மாம்பட்டில், தைவான் முதலாளிகளின் அப்பாச்சி நிறுவனம் அடிடாஸ் காலணிகளைத் தைக்கிறது. 2022-ல் மாவட்டங்களைப் பிரித்தபோது தடா, திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் ஷிஃப்டுக்கு வருகிறார்கள். ஜெர்மன் பெயர், அமெரிக்கக் கறுப்பின மவுசு, தைவான் முதல், தெலுங்கும் தமிழும் பேசும் பெண்களின் கைவேலை: ஒரு ஜோடிக் காலணிக்குள் இத்தனை தேசம்.

காலணி தைப்பவர்கள் ஆடவும் செய்கிறார்களா? இங்கே 'ரத்த'க் கதை வேறு உருவத்தில் வருகிறது. நம்மூரில் இது கறுப்பரின் ஆட்டமுமில்லை, யூதரின் ஆட்டமுமில்லை. கான்வென்ட் பிள்ளைகளின் ஆட்டம். சிமென்ட் தளம் போட்ட கோர்ட் பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் இருக்கிறது; அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கபடியும் கோ-கோவும் போதும் என்று ஒதுக்கிவிட்டோம். அமெரிக்காவில் ஏழைத் தெருவின் அடையாளமான அதே வளையம், இங்கே ஆங்கில மீடியத்தின் அடையாளம்.

அடுத்தது உயரம். "பஞ்சாபிகள் பிறவியிலேயே நெட்டை, நமக்கு வராது." 2015 ஏப்ரலில் பஞ்சாபிப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்த சிம் புல்லர், ஏழடி ஐந்தங்குலம், என்.பி.ஏ.வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரரானார். அவரை எடுத்த சாக்ரமென்டோ அணியின் உரிமையாளர் மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே. அதே ஆண்டு ஜூன் மாதம் பஞ்சாப் கிராமத்து விவசாயி மகன் சத்னம் சிங்கை டல்லாஸ் அணி தேர்ந்தெடுத்தது; இந்தியாவில் பிறந்து அப்படித் தேர்வான முதல் ஆள். ஆனால் புல்லர் ஆடியது மூன்றே ஆட்டம்; சத்னம் லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. உயரம் வாசல்வரைதான் கூட்டிப்போகும். மாறாக, 2012-ல் ஆறடி மூன்றங்குல ஜெரமி லின், அதே நிக்ஸ் அணிக்காக லேக்கர்ஸுக்கு எதிராக 38 புள்ளி குவித்தார். தைவான் பெற்றோரின் பிள்ளை, ஹார்வர்டில் படித்தவர். பள்ளி முடித்தபோது விளையாட்டு உதவித்தொகையோடு ஒரு கல்லூரிகூட அவரைக் கூப்பிடவில்லை. ஆசிய முகத்தைப் பார்த்து இவன் ஓடமாட்டான், கணக்குப் போடுவான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பண்பாடும் தடுக்கும். 2014-ல் சீனாவின் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் அம்ரித்பால் சிங், அம்ஜ்யோத் சிங் இருவரையும் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ஆடச் சொன்னார்கள். அதே போட்டியில் இந்தியா சீனாவைச் சீன மண்ணிலேயே 65-58 என்று வென்றது. தலைப்பாகைக்கும் ஹிஜாபுக்கும் உலகக் கூட்டமைப்பு அனுமதி தந்தது 2017-ல்.

உயரம் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் தமிழ்நாடோ இந்த ஆட்டத்தில் இந்தியாவின் முன்னணி மாநிலங்களில் ஒன்று. பெரியகுளம், கரூர், கோவை மாதிரி ஊர்களில் அகில இந்தியப் போட்டிகள் நடக்கின்றன. சென்னையின் அனிதா பால்துரை பத்தொன்பது வயதில் இந்திய அணித்தலைவி ஆனார். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். ரயில்வேயும் வங்கிகளும் தந்த வேலையும், சாயங்காலம் கோர்ட்டில் நின்று கற்றுக்கொடுத்த பயிற்சியாளர்களும் இந்த வீரர்களை உருவாக்கினார்கள். இதில் எங்கே ரத்தம்?

ஹார்லெமின் நடனக் கூடமும் யூதத் தெருவின் வளையமும் சென்னையின் டிரில் மாஸ்டரும் சொல்வது ஒன்றுதான்: கோர்ட் யாருக்குத் திறந்திருக்கிறதோ, ஆட்டம் அவர்களுடையது. சித்தூரிலும் திருப்பதியிலும் பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டணம் வாங்கிக் கட்டிய அந்தச் சிமென்ட் தளத்தை, மாலை ஐந்து மணிக்கு மேல் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுங்கள். பத்தடி உயரத்தில் இருக்கும் வளையத்துக்குக் கீழே நிற்பவரின் சாதியும் தெரியாது, மீடியமும் தெரியாது.