கச்சி அரண்மனையும் கணக்கில் ஏறாத குடிசையும்

“நாங்கள் இந்த மண்ணுக்கு உரியவர்கள், நீ எங்கிருந்தோ வந்தவன்!” ஊர்ச் சண்டை எதுவாயினும், இந்தச் சொல் ஒரு முறையேனும் எழாமல் இருப்பதில்லை. வரப்புத் தகராறில் எழும். வாக்குச் சாவடியில் எழும். சொன்னவன் தலை நிமிர்கிறான். கேட்டவன் தலை குனிகிறான். யார் வந்தவர், யார் இருந்தவர்? கொள்ளிடத்தின் வடகரையில், தா.பழூர் வட்டாரத்தில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.

தா.பழூர், பழைய திருச்சி மாவட்டத்து உடையார்பாளையம் வட்டத்தைச் சேர்ந்த ஊர். 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது; 2007இல் அரியலூர் தனி மாவட்டமாக நிலைத்தது. தெற்கே ஆற்று நீர் பாயும் நஞ்சை. வடக்கே மழையை நம்பிய மேட்டு நிலமும் முந்திரிக் காடும். ஏரே வாழ்வு, ஏற்றமே துணை என்றிருந்த நாடு.

இந்நாட்டில் எழுதப்பட்ட குடும்ப வரலாறு யாருடையது? உடையார்பாளையம் ஜமீன் குடும்பத்துடையது! அக்குடும்பத்தார் பெயருக்கு முன்னே ‘கச்சி’ என்னும் சொல் நிற்கும்: கச்சி கல்யாணரங்கர், கச்சி யுவரங்கர் என்று. கச்சி என்றால் காஞ்சிபுரம். காஞ்சியிலிருந்து வந்து, விசயநகர ஆட்சிக்குப் படைத்தொழில் செய்து, பாளையம் பெற்றார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ‘காலாட்கள் தோழ உடையார்’ என்பது அவர்தம் பட்டம். காலாட்படை வீரருக்குத் தோழர் என்பதே அதன் பொருள். அந்தப் பட்டத்தை நாம் இகழவில்லை. தேவலோகத்திலிருந்து குதித்ததாக அது கூறவில்லையே! ஊரையும் தொழிலையும் பெயரிலேயே சொல்லிவிடுகிறது.

ஆக, அரண்மனையில் இருந்தவரும் வந்தவரே. அவருக்கு ஐந்து நூற்றாண்டுகள் முன்னே, தஞ்சையை விட்டுத் தலைநகரை அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றிய இராசேந்திர சோழனும் இப்பகுதிக்கு வந்தவனே. வந்தவன் அரசனானால் வரலாறு. வந்தவன் ஏழையானால் வந்தேறி! இதுதானே இதுவரை நாம் கண்ட நீதி?

குடும்பக் கதை எவ்வளவு கவனமாகக் காக்கப்பட்டது, பாருங்கள். பங்கிடப்படாமல் ஒருவர் கையிலேயே நிற்கும் இந்த ஜமீன் யாருக்கு என்று குடும்பத்துக்குள் வழக்கு எழுந்தது. சென்னை உயர்நீதி மன்றத்தைக் கடந்து, கடல் கடந்து, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1905இல் முடிவுற்றது. இன்றும் சட்ட நூல்கள் அந்த வழக்கைப் பேசுகின்றன. ஒரு குடும்பத்தின் கிளை எது, கொழுந்து எது என்று ஆராய இலண்டனில் நீதிபதிகள் உட்கார்ந்தார்கள்! அதே நேரத்தில், அந்த நிலத்தில் நாற்று நட்டவளின் பாட்டன் பெயர் என்ன என்று கேட்க ஒரு கணக்குப்பிள்ளையும் இல்லை.

உடையார்பாளையத்துக் கோயில் குளத்துக்குக் ‘காண்டீப தீர்த்தம்’ என்று பெயர். அர்ச்சுனனின் வில்லோடு அதை முடிச்சுப் போடுகிறது புராணம். வில் குளம் வெட்டுமா? வெட்டியது மண்வெட்டி! சுமந்தது கூடை! இராசேந்திரன் வெட்டுவித்த சோழகங்கம் ஏரியை நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. மண் சுமந்தோர் பெயர் அதில் உண்டா? 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கற்கள் பெயர்த்துச் செல்லப்பட்டன. கல்லின் கதை ஏட்டில் ஏறியது. கல்லைச் சுமந்த தோளின் கதை ஏறவில்லை.

வந்தவருக்கு இந்த நிலை. போனவருக்கோ? திருச்சி மாவட்டத்துக் கூலி உழவர் பலர், பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணியின் பின்னே இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த குடும்பப் பத்திரம் ஒரு தகர வில்லை. தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண்! 1948இல் இலங்கைச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இரு அரசுகள் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தன. அப்போதும் எண்தான்! பாட்டன் பிறந்த மண்ணுக்குத் திரும்பியவரை நம்மூர் எப்படி அழைத்தது? ‘சிலோன்காரன்’ என்று! அங்கே இந்தியன், இங்கே சிலோன்காரன். எங்கேதான் அவன் ஊர்க்காரன்?

1948ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டம் ஜமீன் முறையை முடித்தது. அரண்மனைக்கு மட்டுமே வரலாறு என்னும் எண்ணத்தை எந்தச் சட்டமும் முடிக்காது. அதை நாம்தான் முடிக்க வேண்டும்.

இளைஞர்களே! உங்கள் வீட்டு வரலாற்றை நீங்களே எழுதத் தொடங்குங்கள். பாட்டியிடம் கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தோம்? யார் நிலத்தில் உழுதோம்? யார் கடல் கடந்தார்? பழைய பட்டாவைப் பாருங்கள். நிலமில்லாதார் பெயர் பட்டாவில் இராது. அந்த இன்மையையும் எழுதுங்கள், அதுவும் வரலாறே. குலதெய்வம் எங்கோ தொலைவூரில் இருக்கிறது என்பார்கள். தெய்வம் உண்டா என்பது வேறு பேச்சு. அந்த ஊர் உண்டு. பாட்டன் புறப்பட்ட இடம் அதுவாக இருக்கலாம். அரண்மனைக்குக் ‘கச்சி’ எப்படியோ, குடிசைக்கு அந்த ஊர் அப்படி! பக்தர் கும்பிடப் போகட்டும். நாம் விசாரிக்கப் போவோம்.

ஒவ்வொரு வீடும் இப்படி எழுதி முடித்தால் ஓர் உண்மை விளங்கும். அரசன் வந்தான், பாளையக்காரர் வந்தார், உழவன் வந்தான், எல்லாரும் வந்தவரே. முன்னே வந்தது உயர்வும் அன்று, பின்னே வந்தது தாழ்வும் அன்று. பிறகு எவன் எவனைப் பார்த்து “எங்கிருந்தோ வந்தவன்” என்பான்?