சமூக சனநாயகத் தொழிற் கட்சி

சமூக சனநாயகத் தொழிற் கட்சி வட அயர்லாந்தில் இயங்கும் ஓர் அரசியல் கட்சி ஆகும். அங்கு அப்போது சிறுபான்மையினராக இருந்த கத்தோலிக்க தேசியவாதிகளின் மிதவாதக் கட்சியாக இது 1970 ஆகஸ்ட் 21 அன்று தொடங்கப்பட்டது. ஜெரி ஃபிட் இதன் முதல் தலைவர் ஆவார். அயர்லாந்து ஒன்றிணைய வேண்டும் என்பது இதன் கொள்கை. எனினும் அது வட அயர்லாந்துப் பெரும்பான்மையினரின் சம்மதத்துடனேயே நிகழ வேண்டும் எனக் கூறி, ஆயுதப் போராட்டத்தை நிராகரித்தது.

வரலாறு

1974 இல் இக்கட்சி பங்கேற்ற அதிகாரப் பகிர்வு அரசு, ஒன்றியவாதத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் ஐந்து மாதங்களுக்குள் கவிழ்ந்தது. 1979 முதல் 2001 வரை தலைவராக இருந்த ஜான் ஹியூம், சின் பெயின் தலைவர் ஜெரி ஆடம்சுடன் நடத்திய பேச்சுக்கள் 1998 பெரிய வெள்ளி உடன்பாட்டுக்கு வழிகோலின. அவ்வாண்டு அவர் டேவிட் டிரிம்பிளுடன் நோபல் அமைதிப் பரிசைப் பெற்றார்.

அமைதி திரும்பிய பின்னர் தேசியவாத வாக்காளர் பலர் சின் பெயினை நாடினர். 1998 இல் 108 சட்டமன்ற இடங்களில் 24 ஐ வென்ற இக்கட்சி, 2022 இல் 90 இடங்களில் 8 ஐ மட்டுமே பெற்றது.