மண்டபம் முகாமும் மருந்து அளித்த முறைகளும்

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் புகைவண்டி உச்சிப்புளியைக் கடந்ததும் 'மண்டபம் கேம்ப்' என்னும் நிலையத்தை அடைகிறது. முகாம் என்பதே ஊர்ப்பெயராய் நிலைத்த அவ்விடத்திற்குப் புலம்பெயர்ந்தோரின் உடல்நலம் பற்றிய ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது; தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடலாயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழகத் தொழிலாளர் மண்டபத்தில் இறக்கப்பட்டு, இலங்கை அரசு நடத்திய தனிமை முகாமில் சில நாள் வைக்கப்பட்டனர். அம்மைத் தடுப்பூசி இடப்பட்டது. பிற்காலத்தில் கொக்கிப்புழுவை நீக்கும் மருந்தும் புகட்டப்பட்டது. பெரியம்மை, காலரா, பிளேக் ஆகியவை தோட்டங்களுக்குள் புகாமல் தடுப்பதே அதன் நோக்கம். நோய்த்தடுப்பு என்ற அளவில் அது தேவையான பணியே. ஆயினும், அங்கே மருந்து கட்டளையாகவே வந்தது. அதற்கு இணங்காதவருக்குக் கடல் கடக்க வழியில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழரை வரவேற்றதும் இதே மண்டபம் முகாமே. 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்திற்குப் பின் ஈழத்து ஏதிலியர் படகுகளில் வந்து சேர்ந்தனர். மறு ஆண்டே திரு. எஸ்.சி. சந்திரகாசன் அவர்கள் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தோற்றுவித்தார்.

இக்கழகம் ஏதிலியருள்ளிருந்தே தொண்டர்களைத் தேர்ந்து, நலவாழ்வுப் பயிற்சி அளித்துத் தமிழகத்து முகாம்களில் பணியாற்றச் செய்தது. சத்துக் குறைவைப் போக்கச் சுருள்பாசி வளர்த்துக் குழந்தைகளுக்கும் தாய்மார்க்கும் வழங்கியது. தூய்மை, உணவு, மகப்பேற்றுக் கவனிப்பு ஆகியவற்றைத் தம்மோடு இடம்பெயர்ந்து, தம் பேச்சு வழக்கிலேயே பேசும் ஒருவர் எடுத்துரைக்கும்போது, அது அயலாரின் ஆணையாகத் தோன்றுவதில்லை, உறவினரின் அறிவுரையாகிறது.

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானத்தை நால்வகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். மருந்தோடு அறிவும் அடைக்கலமும் சேரும்போதுதான் அது நிறைவடைகிறது என்பதை மண்டபத்தின் வரலாறு காட்டுகிறது.

இன்று வடமாநிலத் தொழிலாளர் நம் ஊர்களுக்குப் பிழைக்க வருகின்றனர். அவர்களுக்காக மருத்துவ முகாம் அமைக்கும் அறக்கட்டளைகள், அவர்தம் மொழி அறிந்த ஒருவரை மருத்துவரின் அருகே அமர்த்துதல் வேண்டும். அவர்கள் உண்பது யாது, அஞ்சுவது யாது என்று கேட்டறிந்த பின்னரே மருந்தை நீட்டுதல் வேண்டும். அன்று அந்தத் தோட்டத் தொழிலாளரிடம் எவரும் கேளாது விட்ட கேள்விகள் அவை.