"லென்ஸ் போச்சுங்க" - சிடி டிரைவ் பழுதின் வரலாறு



சிடி டிரைவ் படிக்கவில்லை என்று எங்கே கொண்டுபோனாலும் ஒரு காலத்தில் கிடைத்த பதில் ஒன்றுதான். "லென்ஸ் போச்சுங்க. புதுசு போட்டுக்குங்க." பெரும்பாலும் மூடியைக் கழற்றிப் பார்ப்பது கூடக் கிடையாது. வால்பாறையில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி, 64 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பொள்ளாச்சிக்கு டிரைவைத் தூக்கிக்கொண்டு போய், இந்தத் தீர்ப்பை மட்டும் வாங்கிக்கொண்டு மறுபடி மலை ஏறியவர்கள் எங்கள் சித்தப்பா தலைமுறையில் நிறைய பேர் உண்டு.

இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. நான் பி.காம். படிப்பவன், எலக்ட்ரானிக்ஸ் ஆள் கிடையாது. ஆனால் டிரையல் பேலன்ஸ் ஒத்துவராதபோது பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிற வேலை எங்களுக்குப் பழக்கம். சிடி டிரைவின் வரலாற்றை அந்தக் கண்ணோடு படித்தால் சுவாரஸ்யமாக இருக்கிறது. லென்ஸ் மேல் பழி விழுந்த எத்தனையோ வழக்குகளில் உண்மையான குற்றவாளி வேறு ஆள்!

ஹாலந்து நாட்டு பிலிப்ஸும் ஜப்பானின் சோனியும் 1979-ல் கூட்டுச் சேர்ந்து சிடிக்கான விதிகளை வகுத்தன. 1982 அக்டோபர் 1-ம் தேதி சோனியின் முதல் பிளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 1,68,000 யென். இதை வடிவமைத்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தது. தகடு கீறும், விரல் ரேகை படும், அச்சடிக்கும்போதே குறை விழும். 1.6 மைக்ரான் இடைவெளியில் சுற்றிச் சுற்றி ஓடும், நீட்டிப் பிடித்தால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும் ஒரு பாதையைத் தப்பே இல்லாமல் படிக்க எந்த எந்திரத்தாலும் முடியாது. எனவே பிழை வரும் என்று ஒத்துக்கொண்டே அதைத் திருத்த வழி செய்தார்கள். அமெரிக்காவில் இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இருவர் 1960-ல் வெளியிட்ட கணித முறை அதற்குக் கைகொடுத்தது. தகவலோடு கூடுதல் எண்களைக் கலந்து, எல்லாவற்றையும் பாதை நெடுகப் பிரித்துப் பரப்பி வைப்பது. ஓர் இடத்தில் கீறல் விழுந்தால் ஒரே தகவலின் எல்லாத் துண்டுகளும் சேர்ந்து போய்விடாது. பாதையின் நீளவாக்கில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் முழுசாக அழிந்தாலும் மீட்டுவிடலாம்.

அதையும் தாண்டிப் போனால் பாட்டு சிடி ஒரு தந்திரம் செய்யும். தொலைந்த ஒலித்துளிக்கு முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் பார்த்து, நடுவில் ஓர் எண்ணை உத்தேசமாகப் போட்டுக்கொள்ளும். நம் காதுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கணக்குப் பேரேட்டில் 4,500-க்கும் 4,700-க்கும் இடையில் ஓர் எண் அழிந்துபோனால் 4,600 என்று நிரப்ப முடியுமா? ஆடிட்டர் விடுவாரா? கம்ப்யூட்டருக்கான சிடி-ராம் விதிகள் 1983-ல் வந்தபோது இதே சிக்கல்தான். அதனால் 2,352 பைட் கொண்ட ஒவ்வொரு பகுதியிலும் 2,048 பைட் மட்டும் நமக்கு என்று ஒதுக்கி, மீதியில் பெரும்பங்கை இரண்டாம் கட்டப் பிழைதிருத்தத்துக்குக் கொடுத்தார்கள். பாட்டு ஒழுங்காகப் பாடுகிற டிரைவ் சாஃப்ட்வேர் சிடியில் மட்டும் திணறுவதற்கு ஒரு காரணம் இதுதான். பாட்டில் ஒப்பேற்றலாம், டேட்டாவில் ஒப்பேற்ற முடியாது.

இந்தத் திருத்தும் வசதியே பழுது பார்க்கிறவருக்கு எதிரி என்றும் சொல்லலாம். தகடு மோசமாகிக்கொண்டே வருவது வெளியில் தெரியாது. டிரைவ் வேகத்தைக் குறைத்துக் குறைத்து, திரும்பத் திரும்பப் படித்து, உள்ளுக்குள் சமாளிக்கும். ஒரு நாள் எல்லை தாண்டும். அப்போது "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சே" என்போம். நேற்றும் அது நன்றாக ஓடவில்லை, சமாளித்தது.

சரி, நிஜமாகவே டிரைவில் கோளாறு என்றால் கண்டுபிடிப்பது எப்படி? அந்தக் காலத்து நல்ல மெக்கானிக்குகள் முதலில் காதைத்தான் வைத்தார்கள். தகட்டை உள்ளே தள்ளியதும் நடப்பதற்கு ஒரு வரிசை உண்டு. லேசர் தலை தகட்டின் நடுப்பக்கம் வந்து நிற்கும். லேசர் எரியும். லென்ஸ் மேலும் கீழும் ஆடி, தகட்டின் பரப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று தேடும். ஃபோகஸ் கிடைத்த பிறகுதான் பல டிரைவ்களில் மோட்டார் முழு வேகத்தில் சுற்றும். கடைசியில் பொருளடக்கப் பகுதியைப் படிக்கும். ஆகவே தகடு சுற்றவே இல்லை என்றால் லேசர், லென்ஸ், மோட்டார் பக்கம் சந்தேகப்படலாம். சுற்றி, வேகம் குறைந்து, மறுபடி சுற்றினால் ஒளி கிடைக்கிறது, ஆனால் எழுத்து புரியவில்லை என்று அர்த்தம். அழுக்கு லென்ஸோ, மோசமான தகடோ, வலு குறைந்த லேசரோ இருக்கலாம். இன்னொரு தகட்டைப் போட்டுப் பார்த்தால் பாதி விடை வந்துவிடும். டிவிடி படிக்கிறது, சிடி படிக்கவில்லை என்றாலும் குழம்ப வேண்டாம். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஒன்று செத்து மற்றொன்று உயிரோடு இருக்க முடியும்.

தட்டு வெளியே வராமல் 'ஙொய்' என்று சத்தம் மட்டும் வந்தால் லென்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. உள்ளே ஒரு சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். சில ரூபாய் சாமான். முன்பக்கம் இருக்கும் குட்டி ஓட்டையில் நேராக்கிய ஜெம் கிளிப்பை விட்டுத் தள்ளினால் தட்டு வந்துவிடும். அந்த ஓட்டை எதற்கு என்றே தெரியாமல் டிரைவைத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ!

இங்கே எங்கள் ஊர் சமாச்சாரம் ஒன்று. வால்பாறை சுமார் 3,500 அடி உயரம். பக்கத்துச் சின்னக்கல்லாறு நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஜூன் பிறந்தால் துணி காயாது, உப்பு கசியும், தீப்பெட்டி நமத்துப்போகும். டிரைவ் மட்டும் தப்புமா? குளிரில் கிடந்த டிரைவைச் சூடான ஈரக் காற்று தொட்டால் லென்ஸ் மேல் பனி படியும், மூக்குக் கண்ணாடியில் படிகிற மாதிரியே. பிளேயர்களின் கையேடுகளிலேயே இது எழுதியிருக்கும். மின்சாரத்தைப் போட்டு, தகடு இல்லாமல் ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள், தானாகச் சரியாகிவிடும் என்று. மழை நாள் காலையில் படிக்காத டிரைவ் மதியம் படித்தால் அதில் மந்திரம் எதுவும் இல்லை. தூசியும் ஈரமும் சேர்ந்து படலமாகப் படிந்திருந்தால் மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு. மெதுவாக! அந்த லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருப்பது, ஜன்னல் துடைக்கிற மாதிரி துடைத்தால் அப்புறம் நிஜமாகவே "லென்ஸ் போச்சு".

இன்னொரு வைத்தியமும் பிரபலமாக இருந்தது. லேசர் பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகை லேசாகத் திருப்பி லேசருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டுவது. செத்த டிரைவ் எழுந்து உட்காரும். ஆனால் கூட்டிய மின்சாரத்தில் லேசர் சீக்கிரம் தீர்ந்துபோகும். கடனை அடைக்கக் கந்துவட்டிக்கு வாங்குகிற கதைதான். ஒரே ஒரு தகட்டை மட்டும் எப்படியாவது படித்தாக வேண்டும் என்றால் இது நியாயம், மற்றபடி ஏமாற்று.

இனி, டிரைவ் மேல் அநியாயமாகப் பழி விழுந்த வழக்குகள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

2002-ல் சோனி நிறுவனம் ஐரோப்பாவில் செலின் டியானின் பாட்டு சிடியை, கம்ப்யூட்டரில் ஓடக்கூடாது என்று பூட்டுப் போட்டு விற்றது. ஆப்பிளின் ஐமேக்கில் போட்டவர்களுக்கு எந்திரம் உறைந்து நின்றது, தகடும் வெளியே வரவில்லை. டிரைவ் கெட்டதாகத்தான் யாரும் நினைப்பார்கள். ஆனால் கோளாறு தகட்டின் வெளி ஓரத்தில் வேண்டுமென்றே வைத்த கெட்ட தகவலில் இருந்தது. அந்த ஓரத்தை மார்க்கர் பேனாவால் கறுப்படித்து மறைத்தால் பூட்டு உடைகிறது என்று மக்கள் கண்டுபிடித்தார்கள். கோடிகள் செலவழித்த பூட்டுக்குப் பேனா சாவி :-)

2003 அக்டோபரில் மாண்ட்ரேக் லினக்ஸ் 9.2 வெளிவந்தது. நிறுவியவர்களில் எல்ஜியின் சில சிடி டிரைவ்களை வைத்திருந்தவர்களுக்கு டிரைவ் அடியோடு செத்தது. லினக்ஸ்தான் கொன்றது என்று ஒரே கூச்சல். விசாரித்ததில், எழுதும் டிரைவ்களுக்கு மட்டும் பொருந்தும் 'தேக்கி வைத்ததை எழுதி முடி' என்ற சாதாரண கட்டளையை லினக்ஸ் அனுப்பியிருந்தது. படிக்க மட்டும் தெரிந்த அந்த எல்ஜி டிரைவ்கள் அதே கட்டளையை 'உன் உள் மென்பொருளை மாற்றிக்கொள்' என்று எடுத்துக்கொண்டு, தங்கள் மூளையைத் தாங்களே அழித்துக்கொண்டன. லென்ஸ், மோட்டார், பெல்ட் எல்லாம் புத்தம் புதுசு! பிறகு அந்த மென்பொருளைத் திரும்ப ஏற்றி உயிர் கொடுக்க வழி வந்தது.

மூன்றாவது, 2005. அக்டோபர் 31-ம் தேதி மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர், சோனி பிஎம்ஜி பாட்டு சிடிகள் விண்டோஸுக்குள் ரகசியமாக ஒரு மென்பொருளை ஒளித்து வைப்பதை வெளியிட்டார். அதைக் கையால் அழித்தால் சிடி டிரைவே மை கம்ப்யூட்டரில் இருந்து காணாமல் போய்விடும். ஊர் முழுக்கத் திட்டிய பிறகு நவம்பரில் அந்த சிடிகளைத் திரும்பப் பெற்றார்கள். எக்ஸ்பி காலத்தில் டிரைவ் திடீரென்று மறைந்து, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி நின்றதற்கு இதே வகைக் காரணம்தான் அடிக்கடி இருந்தது. சிடி எழுதும் ஏதோ ஒரு மென்பொருளை நீக்கியிருப்பார்கள், அது ரெஜிஸ்ட்ரியில் விட்டுப்போன அப்பர்ஃபில்டர், லோயர்ஃபில்டர் வரிகள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு வரியை அழித்து ரீஸ்டார்ட் செய்தால் வேலை முடிந்தது. இதற்கும் புது டிரைவ் வாங்கியவர்கள் உண்டு.

டிவிடியில் மண்டலப் பூட்டு வேறு. இந்தியா 5-ம் மண்டலம், சிங்கப்பூர் மலேசியா 3, வளைகுடா 2. வெளிநாட்டில் இருந்து மாமா ஆசையாக வாங்கி வந்த ஒரிஜினல் டிவிடி ஓடாவிட்டால் அது பழுதே இல்லை, வியாபார ஒப்பந்தம். கம்ப்யூட்டர் டிரைவில் மண்டலத்தை 5 முறைதான் மாற்றலாம், அப்புறம் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்.

இவ்வளவு விஷயம் இருந்தும் ஏன் எல்லாரும் "லென்ஸ் போச்சு" என்றே சொன்னார்கள்? இங்கேதான் காமர்ஸ் வருகிறது. 2010 வாக்கில் புது டிவிடி ரைட்டர் சுமார் ஆயிரம் ரூபாய். ஒரு மெக்கானிக் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கழற்றிப் பார்த்தால் அந்தக் கூலியை யாரும் தரமாட்டார்கள். புது டிரைவ் விற்றால் அவருக்கும் நாலு காசு. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, கணக்கு அப்படித்தான் போட வைத்தது. தகடுகளும் அதேபோல மலிந்தன. 1983-ல் தொடங்கிய நொய்டாவின் மோசர் பேர் உலகின் மிகப்பெரிய தகட்டு உற்பத்தியாளர்களில் ஒன்றாக வளர்ந்து, பிறகு சினிமாவுக்குள்ளும் வந்து விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. தமிழ்ப் படங்கள் வீடு வீடாகப் போயின. அதே நிறுவனத்தைக் கலைத்து விற்க 2018-ல் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. டிரைவ் செய்துவந்த சோனி ஆப்டியார்க் 2013-லேயே மூடப்பட்டது. சோனி 2025 பிப்ரவரியில் எழுதும் ப்ளூ-ரே தகடு தயாரிப்பையும் நிறுத்திக்கொண்டது.

தகடு இருக்கிறது, படிக்க டிரைவ் இல்லை என்ற நிலைமை வரும் என்பதற்கு ஏற்கெனவே ஓர் உதாரணம் உண்டு. 1086-ல் இங்கிலாந்தில் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கின் 900-வது ஆண்டுக்காக பிபிசி 1986-ல் பத்து லட்சம் பேரைச் சேர்த்து ஒரு புதிய தொகுப்பைச் செய்து லேசர் தகடுகளில் வெளியிட்டது. 16 வருஷத்தில் அதைப் படிக்கும் பிளேயர்கள் அரிதாகிப்போய், 2002-ல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போராடித்தான் மீட்டார்கள். பழைய தோல் புத்தகத்தை இன்றும் கண்ணால் படிக்கலாம்.

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் கல்யாண விசிடிகள் இன்னும் பீரோவில் கிடக்கின்றன. பெரும்பாலும் கடையில் எழுதித் தந்த தகடுகள், அதாவது அச்சடித்ததை விடச் சீக்கிரம் மங்குகிற சாயம் பூசியவை. அவற்றைப் படிக்க யுஎஸ்பி டிரைவ் இப்போதும் விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் ஒரு டிரைவ் கைவிட்ட தகட்டை வேறொரு கம்பெனி டிரைவ் படித்துவிடுவது சகஜம். எனவே பழைய சிபியூவை இரும்புக் கடைக்குப் போடுமுன் டிரைவை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது வேகத்தைக் குறைத்து வையுங்கள். தகட்டைத் துடைத்தால் நடுவில் இருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம், ஏனென்றால் வட்டக் கீறல் பாதையோடு ஒட்டியே ஓடி அந்த 2.5 மில்லிமீட்டர் கணக்கைத் தாண்டிவிடும். சிடியின் எழுத்துப் பக்கத்தில் கீறல் இருந்தால் பற்பசை வைத்தியம் பலிக்காது, தகவல் அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. ஜூன் மழை தொடங்கும் முன் இந்த வேலையை வைத்துக்கொள்வது எங்கள் ஊர்க்காரர்களுக்கு நல்லது.